கடலைப் பொட்டலம் தெரிஞ்சா ஃபைபர் மோல்ட் பாதி தெரிஞ்ச மாதிரி

மெரினால கடலை விக்கிறவங்க பொட்டலம் சுருட்டுறத பாத்திருப்பீங்க, ஒரு துண்டு பேப்பர், கை ஒரு சுத்து சுத்தும், கூம்பு ரெடி. கிழியாது, கசங்காது, ஒரு சுருக்கம் கூட விழாது. இப்ப அதே பேப்பர எடுத்து ஒரு ரப்பர் பந்து மேல ஒட்டிப் பாருங்க. எவ்ளோ நீவினாலும் ஓரமெல்லாம் சுருக்கம் சுருக்கமா நிக்கும், விடாம அழுத்துனா கிழிஞ்சிரும். ஃபைபர் கிளாஸ் வேலைக்கு வளைவான மோல்ட், அதாவது அச்சு, பண்ணணும்னு வர்றவங்க மொத மொதல்ல புரிஞ்சிக்க வேண்டியது இது ஒண்ணுதான். பொட்டலமும் பந்தும் ரெண்டுமே வளைவுதான், ஆனா ஷீட்டுக்கு ஒண்ணு வரும், இன்னொண்ணு வரவே வராது.

ஃபைபர்னு நாம சொல்றது ரெண்டு பொருள் சேந்தது. கண்ணாடி நூல துண்டு துண்டா பரப்பி விரிப்பு மாதிரி பண்ண மேட், அத நனைச்சு இறுகுற பாலியஸ்டர் ரெசின். இந்த ரெசின் எந்தப் பரப்பு மேல படுதோ அத அப்படியே பிரதி எடுத்துரும், பளபளப்பு இருந்தா பளபளப்பு, கீறல் இருந்தா கீறல், கைரேகை இருந்தா கைரேகையும் வரும். அதனாலதான் இந்தத் தொழில்ல மோல்டுக்கே பாதி நேரத்துக்கு மேல போகுது. மரத்துலயோ பிஓபிலயோ வளைவு செதுக்கினா பட்டி போடணும், தேய்க்கணும், வெளிச்சத்துல பாத்தா பள்ளம் தெரியும், திரும்ப பட்டி, திரும்ப உப்புத்தாள், நாள் கணக்குல இழுக்கும். அதுக்குப் பதிலா ஃபேக்டரிலயே பளபளன்னு வர்ற சன்மைக்கா ஷீட் ஒண்ண வளைச்சு நிறுத்திட்டீங்கன்னா தேய்க்குற வேலையே இல்ல.

இன்னொரு லாபமும் இருக்கு, எனக்கு இந்த முறை இவ்ளோ பிடிக்கிறதுக்கு அதுதான் காரணம். மெல்லிசா ஒரு ரீப்பர் பட்டைய ரெண்டு முனையிலயும் பிடிச்சு உள்பக்கமா தள்ளிப் பாருங்க, அது போடுற வளைவுல எங்கயும் ஒரு முறிவு, ஒரு மேடு இருக்காது, ஏன்னா வளையுற கஷ்டத்த பட்டை தனக்குள்ள சீரா பங்கு போட்டுக்குது, ஷீட்டும் அப்படித்தான். கையால வரைஞ்சா அந்த ஓட்டம் வரவே வராது. படகு கட்டுறவங்க காலங்காலமா வளைவு கோடு போடுறது இப்படி மெல்லிசான பட்டைய வளைச்சு வெச்சுத்தான், 1744-ல ஆய்லர்ங்கிற கணித மேதை இந்த வளைவுக்கு கணக்கே எழுதி வெச்சிருக்காரு.

சரி, பந்து ஏன் வராது? இதுக்கு பதில் சொன்னவரு காவுஸ்ங்கிற ஜெர்மன் கணித மேதை, 1827-ல. அவரு சொன்னத நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி சொல்றேன். ஒரு பரப்புல ஒரு புள்ளிய எடுத்துக்கோங்க, அங்க எந்தத் திசையில அதிகமா வளையுது, எந்தத் திசையில கம்மியா வளையுது, ரெண்டையும் பெருக்குங்க. ஷீட்ட இழுக்காம, சுருக்காம எவ்ளோ வளைச்சாலும் அந்தப் பெருக்குத்தொகை மாறாது. தட்டையான ஷீட்டுக்கு அது பூஜ்யம், அப்ப வளைச்ச பிறகும் பூஜ்யமாத்தான் இருக்கணும், அதாவது ஒவ்வொரு புள்ளியிலயும் ஏதாவது ஒரு திசை நேரா இருந்தே ஆகணும். பைப்புல நீளவாக்குல நேரா இருக்கு, பொட்டலத்துல வாயிலிருந்து முனை வரைக்கும் நேரா இருக்கு, பந்துல எந்தப் பக்கமும் நேர் கிடையாது. இட்லித் தட்டு மேல துணி போடுறோம்ல, குழிக்குள்ள துணி எப்பவும் மடிப்பு விழுந்துதான் உக்காரும், துணியே அப்படின்னா சன்மைக்காவும் தகடும் எங்க கேக்கப் போகுது.

உங்க மனசுல இருக்குற வடிவம் ஷீட்டுக்கு வருமான்னு பாக்க ஒரு ஸ்கேல் போதும், வளைவு மேல எங்க வெச்சாலும் ஏதோ ஒரு பக்கமா இடைவெளி இல்லாம உக்காரணும், உக்காரலன்னா அந்த வடிவத்த விட்டுருங்க. ஆனா ஸ்கேல் உக்காந்துட்டாலே வேலை முடிஞ்சிதுன்னும் நெனைக்காதீங்க, குதிரைச் சேணம் மாதிரி முறுக்கின சில வடிவத்துலயும் ஸ்கேல் அழகா உக்காரும், ஷீட் மட்டும் வராது. அதனால கடைசியா ஒரு சார்ட் பேப்பர்ல சின்னதா செஞ்சு பாருங்க. சார்ட் பேப்பர் சுருக்கம் இல்லாம வந்தா அந்த வடிவம் சன்மைக்காவுக்கும் வரும், கனம் தாங்குமாங்கிறது மட்டும் தனிக் கணக்கு. இந்த 10 ரூபா சோதனைய செய்யாம நேரா 8 அடிக்கு 4 அடி ஷீட்ட வெட்டுறவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்காது.

இதுல மாட்டிக்கிட்டு வழி தேடினவங்கள்ல பெரிய ஆளுங்களும் உண்டு. அமெரிக்காவுல சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு தம்பதி, நாற்காலி வடிவமைப்புல ரொம்பப் பேர் வாங்கினவங்க. உடம்புக்கு ஏத்த மாதிரி எல்லாப் பக்கமும் குழிஞ்ச ஒரே துண்டு ப்ளைவுட் நாற்காலி வேணும்னு முயற்சி பண்ணாங்க, ப்ளைவுட் பிளந்துக்கிட்டே இருந்துச்சு. போர்க்காலத்துல 1942 வாக்குல அமெரிக்கக் கடற்படைக்கு காலுக்குக் கட்டுற ப்ளைவுட் பட்டை செஞ்சாங்க, அதுல பாத்தீங்கன்னா அங்கங்க துளையும் வெட்டும் இருக்கும், கட்டுத்துணி நுழைக்கவும் அது உதவுச்சு, ஆனா ரெண்டு பக்கமும் வளையும்போது பிளக்காம இருக்கவும் அந்த வெட்டுதான் காரணம். அப்புறம் வந்த ப்ளைவுட் நாற்காலியில உக்கார்ற பலகை தனி, முதுகு தனின்னு பிரிச்சிட்டாங்க. ஒரே துண்டா குழிஞ்ச நாற்காலி 1950-ல வந்துச்சு, எதுலன்னா ஃபைபர் கிளாஸ்ல. ஷீட்டால முடியாதத மேட்டும் ரெசினும் முடிச்சிருச்சு, ஏன்னா மேட் நனைஞ்சா நூல் நூலா நகர்ந்து குழிக்குள்ள படிஞ்சிரும்.

நம்ம ஊர்லயும் ஷீட் வளைச்சு செஞ்ச அழகான வேலை ஒண்ணு இருக்கு. குமரி மாவட்டம் முட்டம் பக்கம் 1980-கள்ல ப்ளைவுட் வள்ளம் கட்டினாங்க, தட்டையான ப்ளைவுட்ட கணக்கா வெட்டி, ஓரத்துல துளை போட்டு கம்பியால தெச்சு இழுத்தா வள்ளத்தோட வளைவு தானா வந்துரும், மூட்டு மேல ஃபைபர் ஒட்டிருவாங்க. வள்ளம் தெச்சவங்க கைக்கும் அது பழகின வேலை, நம்ம வள்ளங்களே கயிறு போட்டு தெச்ச பலகைதான.

இப்ப கனத்துக்கு வருவோம், ஆரம்பிக்கிறவங்க தப்பு பண்றது இங்கதான். ஷீட்ட வளைக்கிறப்ப வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். எவ்ளோ இழுபடுதுன்னா கனத்த விட்டத்தால வகுத்தா வர்ற அளவு. 1 எம்எம் சன்மைக்காவ 300 எம்எம் விட்டத்துக்கு சுத்துனா 1/300, கிட்டத்தட்ட 0.33 சதவீதம், தாங்கும். அதே விட்டத்துக்கு 4 எம்எம் சாதா ப்ளைவுட்ட சுத்துனா 1.33 சதவீதம், அப்ப படார்னு சத்தம் கேக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. வளைக்கத் தேவைப்படுற பலமும் கனத்தோட ஏறும், ரெண்டு மடங்கு கனம்னா எட்டு மடங்கு பலம் வேணும். இந்த எட்ட நமக்கு சாதகமாவும் ஆக்கிக்கலாம், மெல்லிசான ரெண்டு ஷீட்ட ஒட்டாம ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வளைங்க, ரெண்டு மடங்கு பலம் போதும், ஏன்னா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கும். வளைஞ்ச நிலையிலயே நடுவுல பசை போட்டு காய விட்டா இப்ப அது எட்டு மடங்கு விறைப்பு, விட்டாலும் பெரும்பாலும் அதே வளைவுல நிக்கும்.

வளைஞ்ச ஷீட் ஏன் இவ்ளோ விறைப்பா நிக்குதுன்னு கேட்டீங்கன்னா திரும்பவும் காவுஸ்தான். ஆசாரி கையில இருக்குற இன்ச் டேப்ப இழுத்துப் பாருங்க, தகடு குறுக்குவாக்குல லேசா குழிஞ்சிருக்கும், அதனாலதான் அஞ்சடி நீட்டினாலும் தொங்காம நிக்குது. ஒரு பக்கம் வளைஞ்சிட்டா இன்னொரு பக்கம் வளைய அதுக்கு உரிமை இல்ல. மோல்டுக்கு இது பெரிய உதவி, 1 எம்எம் ஷீட்தான்னாலும் வளைச்சு நிறுத்தின பிறகு ரோலர் போட்டு அழுத்தினா அமுங்காது.

என்ன ஷீட் வாங்குறதுன்னா, ஆரம்பத்துக்கு 1 எம்எம் கிளாஸ் ஃபினிஷ் சன்மைக்காதான் என் சிபாரிசு, சொரசொரப்பா டிசைன் போட்டது வேண்டாம், ரெசின் அந்த டிசைனயும் எடுத்துரும். ஜிஐ தகடும் வளையும், ஆனா ஒரு தடவ கை தவறி நெளிஞ்சா நெளிஞ்சதுதான். ஃப்ளெக்ஸி ப்ளைனு ஒரு பக்கமா மட்டும் நல்லா வளையுறதுக்குன்னே ப்ளைவுட் கிடைக்கும், அது பின்னாடி தாங்குறதுக்கு நல்லது, மேல்முகத்துக்கு ஆகாது. அக்ரிலிக்க தவிர்த்துருங்க, ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் அத அரிச்சிரும், தெர்மாகோல் நிலைமை இன்னும் மோசம், ரெசின் பட்ட இடம் கரைஞ்சு குழியாயிரும்.

ஒரு செடித் தொட்டி எடுத்துப்போம், மேல் விட்டம் 400 எம்எம், அடி விட்டம் 300, உயரம் 500. ஏன் தொட்டின்னா அது வாய் மேல பாக்குற பொட்டலம், முனைய வெட்டினது. ஷீட்டுக்கும் பிடிச்ச வடிவம், மேல போகப் போக அகலமாகுறதால காஞ்ச பீஸும் சுலபமா வெளிய வரும், நேரா பைப் மாதிரி செஞ்சா உள்ள மாட்டிக்கிட்டு உயிர எடுக்கும்.

தொட்டியோட வெளிப்பக்கம் பளபளப்பா வேணும், அதனால சன்மைக்காவோட பளபளப்பு முகம் உள்பக்கம் பாக்குற மாதிரி சுருட்டணும். இங்க ஒரு நுணுக்கம். உள்முகம் 400 விட்டம்னா ஷீட்டோட நடு கனம் 401-ல இருக்கும், வெட்டுறதுக்கு நடு கனத்தோட கணக்குதான் எடுக்கணும், ஏன்னா நடுவுலதான் இழுபடவும் செய்யாது நசுங்கவும் செய்யாது. மொத தடவ நான் 400-க்கு கணக்கு போட்டு 1257 எம்எம் நீளம் வெட்டினேன், சுருட்டி நிறுத்தினா மூட்டுல 3 எம்எம் வாய் பொளந்து நிக்குது, முழு ஷீட் போச்சு. 1260 வெட்டியிருக்கணும்.

கூம்ப விரிச்சா ரெண்டு வில் வரும், விசிறி மாதிரி. சாய்வு நீளம் 500-ம் 50-ம் வெச்சு பைதாகரஸ் போட்டா 502.5. பெரிய வில்லோட ஆரம் 502.5 × 401 ÷ 100, அதாவது 2015 எம்எம் (அந்த 100, மேல் விட்டம் 401-லருந்து அடி விட்டம் 301-அ கழிச்சது). அதுல 502.5 கழிச்சா சின்ன வில் 1512.5. விசிறியோட கோணம் 35.8 டிகிரி. 2 மீட்டர் ஆரத்துக்கு காம்பஸ் எங்க போறது, மாடித் தரையில ஷீட்ட விரிச்சு, ஒரு நீள ரீப்பர்ல ஒரு முனையில ஆணி, 1512.5-லயும் 2015-லயும் பென்சில் நுழையுற ஓட்டை, அவ்ளோதான். நூல் கட்டி வரையாதீங்க, நூல் இழுபடும், கோடு அலையும். 8-க்கு 4 ஷீட்டோட நீளவாக்குல இது தாராளமா அடங்கும்.

வெட்டின ஓரத்த உப்புத்தாளால நல்லா தேய்ச்சிருங்க, சோம்பல் பட வேண்டாம். சன்மைக்கா விரிசல் விடுறது எப்பவும் ஓரத்துல இருக்குற ஒரு சின்ன பல்லுலதான் ஆரம்பிக்கும், கண்ணுக்கே தெரியாத அளவு பல்லா இருந்தாலும் வளைக்கும்போது அங்கருந்து ஒரு கோடு ஓடி ஷீட் ரெண்டாயிரும். முந்தின நாள் ராத்திரியே லூசா சுருட்டி கயிறு கட்டி வெச்சிட்டா மறுநாள் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்கும்.

அடுத்தது வளையம். 12 எம்எம் ப்ளைவுட்ல நாலு வளையம், உள் ஓட்டையோட விட்டம் ஷீட்டோட வெளிமுகத்துக்கு, மேல 402, அடியில 302, நடுவுல ரெண்டு வளையம் 335-ம் 369-ம். கூம்பு சாயுறதால 12 எம்எம் பலகையோட ஒரு முகத்துக்கும் மறு முகத்துக்கும் நடுவுலயே விட்டம் 2.4 எம்எம் மாறும், அதனால ஓட்டையோட உள் ஓரத்த சாய்வா தேய்ச்சு விடணும், இல்லன்னா ஷீட் கூரான விளிம்புல மட்டும் பட்டு அங்க ஒரு தழும்பு விழும். நாலு வளையத்தயும் குத்துக்கட்டை வெச்சு நேரா நிறுத்திட்டு, ஷீட்ட வேணுங்கிறதவிட கொஞ்சம் சின்னதா சுருட்டி மேலருந்து உள்ள இறக்கி, கைய மெதுவா விடுங்க. ஷீட்டுக்கு திரும்பவும் தட்டையாகணும்னு ஒரு வேகம் இருக்கும்ல, அந்த வேகத்துலயே விரிஞ்சு போய் நாலு வளையத்துலயும் தானா அழுத்தி உக்காந்துரும். மொத தடவ இத பாத்தப்ப எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கு. இதே ஷீட்ட ஒரு உருளை மேல வெளிப்பக்கமா சுத்தி ஒட்டப் பாத்தா அந்த வேகமே நமக்கு எதிரி, பெல்ட் போட்டு கட்டினாலும் ஓரம் தூக்கிக்கிட்டே இருக்கும்.

உள்ள இறக்கினாலும் ஒரு இடம் மட்டும் தகராறு பண்ணும், மூட்டு. ஷீட்டோட கடைசி முனைய வளைக்க அதுக்கு அப்பால பிடிமானம் இல்ல, அதனால கடைசி ரெண்டு மூணு இன்ச் நேராவே நிக்கும், ரெண்டு நேர் முனையும் சந்திக்கிற இடத்துல மாங்கா மூக்கு மாதிரி ஒரு கூம்பல் வந்துரும். வளையத்துக்கு நடுவுல இருக்குற பகுதியில இது நல்லாத் தெரியும். இதுக்கு, மூட்டுக்குப் பின்பக்கம் உயரம் முழுக்க ஒரு பட்டை ஒட்டணும், சும்மா தட்டைப் பட்டை இல்ல, ஏற்கனவே அந்த விட்டத்துக்கு வளைச்சு ரெண்டு மெல்லிசு ஷீட் ஒட்டி காய வெச்ச பட்டை, மேல சொன்னேன்ல அந்த எட்டு மடங்கு வித்தை. ரப்பர் பசை போட்டு ஒட்டி கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டுருங்க. அப்புறம் ஷீட்டோட முதுகுல ரெண்டு லேயர் மேட் போட்டு வளையத்தோட சேத்து ஒட்டிட்டா மோல்ட் அசையாது.

வளைவு சரியா வந்திருக்கான்னு கை தடவிப் பாத்தா தெரியாது. ராத்திரி டியூப் லைட் வெளிச்சத்துல உள்ள எட்டிப் பாருங்க, லைட்டோட பிம்பம் ஒரே கோடா ஓடினா சரி, எங்க நெளியுதோ அங்க வளையம் தள்ளிக்கிட்டு இருக்கு இல்ல பசை கட்டி நிக்குது. மேட் போடுறதுக்கு முன்னாடியே இத பாத்து சரி பண்ணிரணும்.

அடிக்கு சன்மைக்கா ஒட்டின வட்டப் பலகை. அடியும் சுவரும் சேர்ற மூலை கூரா இருக்கக்கூடாது, மேட் அந்த மூலைக்குள்ள மடங்காது, காத்து நின்னு அப்புறம் ஓடு மாதிரி உடையும். பிள்ளைங்க விளையாடுற களிமண்ண, எண்ணெய்க் களிமண்ணுதான், மூலை முழுக்க திரியா வெச்சு ஒரு கோலிகுண்ட அதுமேல உருட்டிக்கிட்டே போங்க, ஒரே அளவுல வழவழன்னு உருண்டை மூலை வரும், மிச்சம் பிதுங்குறத வழிச்சிருங்க. மூட்டுக் கோட்டுல இருக்குற மயிரிழை இடைவெளியையும் மெழுகால அடைச்சிருங்க.

காஸ்டிங், அதாவது மோல்டுக்குள்ள ஃபைபர் போட்டு பீஸ் எடுக்குறது பத்தி தனியா எழுதுற அளவுக்கு இருக்கு, சுருக்கமா சொல்றேன். புது மோல்டுக்கு பீஸ் ஒட்டாம இருக்கப் போடுற ரிலீஸ் வேக்ஸ் ஒரு கோட் பத்தாது, அஞ்சாறு கோட், ஒவ்வொண்ணும் காஞ்சு துடைச்ச பிறகு அடுத்தது, அதுக்கு மேல பிவிஏங்கிற, காஞ்சா மெல்லிசான படலமாகுற திரவம் ஒரு கோட். அப்புறம் அரை எம்எம் கனத்துக்கு ஜெல் கோட், அதாவது தொட்டியோட வெளிமுகமா வர்ற கெட்டியான ரெசின், விரலால தொட்டா பிசுபிசுன்னு இருக்கணும் ஆனா விரல்ல ஒட்டக்கூடாது, அந்தப் பதத்துல மேட். 450 ஜிஎஸ்எம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ஒரு லேயர் ஏறத்தாழ 1 எம்எம் ஆகும், தொட்டிக்கு மூணு லேயர் போதும். மூணையும் ஒரே மூச்சுல போடாதீங்க, ரெசின் இறுகும்போது சூடாகும், கனமா போட்டா அந்தச் சூட்டுல பீஸ் கோணிரும். ரெசின இறுக வைக்கிற ஹார்டனர் 1-லருந்து 2 சதவீதம், சித்திரை வெயில்ல 1 பக்கமே நிறுத்துங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் கெஞ்சியே கேக்குறேன். இறுகுறத வேகப்படுத்துற ஆக்ஸிலரேட்டரா வர்ற கோபால்டையும் ஹார்டனரா வர்ற எம்இகேபியையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலந்துராதீங்க, வெடிக்கும். கோபால்ட மொதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு, அப்புறமாத்தான் ஹார்டனர். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணுல பட்டாலும் பார்வை போற அளவுக்கு ஆபத்து, கண்ணாடி போடாம பாட்டில திறக்காதீங்க. ஸ்டைரீன் வாடை வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம், மொட்டை மாடியோ கொட்டகையோ பாத்துக்கோங்க.

ஒரு நாள் முழுக்க விட்டுட்டு பீஸ எடுங்க. பாலியஸ்டர் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும், நம்ம மோல்ட் வெளிய இருக்குறதால தொட்டி சுவர விட்டு தானா விலகியிருக்கும், சில சமயம் ராத்திரி அமைதியா இருக்கும்போது டக்குனு ஒரு சத்தம் கேக்கும், அது விடுபடுற சத்தம். விளிம்புல மரச் சீவல் ஒண்ண நுழைச்சு லேசா தட்டி, அந்த இடுக்குல தண்ணி ஊத்துங்க, பிவிஏ தண்ணில கரையுற பொருள், வழுக்கிக்கிட்டு மேல வந்துரும். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பாதீங்க, சன்மைக்கா முகத்துல ஒரு கீறல் விழுந்தா அதுக்கப்புறம் வர்ற எல்லாத் தொட்டியிலயும் அந்தக் கீறல் இருக்கும்.

மூட்டு இருந்த இடத்துல தொட்டி மேல ஒரு மெல்லிசான கோடு தெரியும், 800 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 1200, தண்ணி விட்டு தேய்ச்சு பாலிஷ் போட்டா மறைஞ்சிரும். ஷீட் மோல்ட் நிறைய பீஸுக்கு உழைக்காது, மூட்டும் மூலையும் மொதல்ல விட்டுக்குடுக்கும். அதனால அம்பது, நூறு தொட்டி வேணும்னா, மொதல்ல வர்ற நல்ல தொட்டி ஒண்ண விக்காம வெச்சுக்கோங்க, அந்தக் கோட்ட தேய்ச்சு எடுத்துட்டு, அத கவுத்து வெச்சு வேக்ஸ் போட்டு, அது மேலயே கனமா ஃபைபர்ல நிரந்தர மோல்ட் எடுத்துக்கலாம், சன்மைக்கா மோல்ட பிரிச்சு அந்த வளையங்கள அடுத்த வேலைக்கு எடுத்து வெச்சிரலாம்.